காம்போ ஆம்பைத் தனி ஸ்பீக்கரோடு இணைக்க உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது ஃபெண்டர் புளூஸ் ஜூனியர் என்ற கிட்டார் காம்போ ஆம்ப் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்). 15 வாட் வால்வு ஆம்ப், உள்ளே 12 அங்குல 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று. இதன் டோன் எனக்கு உயிர். ஆனால் பெட்டி சின்னது என்பதால் பேஸ் (தாழ்ந்த ஒலி) ஒடுங்கிவிடுகிறது. அதனால் இரண்டு ஸ்பீக்கர் உள்ள தனி கேபினெட் கட்டலாம் என்று இருக்கிறேன்.

அதற்காகக் கையில் உள்ள இரண்டு ஸ்பீக்கருமே 8 ஓம். பேரலலில் போட்டால் 4, சீரீஸில் 16. ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்கு சிக்னலைக் கொடுக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கேட்பதோ 8. பேசாமல் 16 ஓம் ஜோடி வாங்கிப் பேரலலில் போட்டுவிடலாமா?

அப்புறம், உள் ஸ்பீக்கரையும் வைத்துக்கொண்டு தேவைப்படும்போது மாற்ற சுவிட்ச் பொருத்தலாமா? மாற்றும்போது ஸ்பீக்கர் இணைப்பு விட்டுப்போனால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடுமே என்று பயம். செய்து பார்த்தவர்கள் வயரிங் படம் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.