ரூஸ்வெல்ட்டின் கடிதங்கள்: நல்ல அப்பாவா, நன்றாக எழுதத் தெரிந்த அப்பாவா?

புத்தகப்புழு:
தியடோர் ரூஸ்வெல்ட் தன் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பை இந்த வாரம்தான் முடித்தேன். 1901 செப்டம்பரிலிருந்து 1909 மார்ச் வரை அமெரிக்க ஜனாதிபதி. பனாமா கால்வாய் ஒரு பக்கம், ரயில்வே முதலாளிகளோடு மல்லுக்கட்டு ஒரு பக்கம், ரஷ்ய–ஜப்பானியப் போரை முடித்துவைக்கும் பேச்சுவார்த்தை இன்னொரு பக்கம். இவ்வளவுக்கும் நடுவில் இந்த மனிதர் பிள்ளைகளுக்கு என்ன எழுதுகிறார் தெரியுமா? வீட்டுப் பூனைக்குட்டி பற்றி.

1903 ஜனவரி. மகன் கெர்மிட்டுக்கு 13 வயது, கிராட்டன் விடுதிப் பள்ளியில் இருக்கிறான். அடுத்த சபாநாயகர் ஆகப்போகும் கேனன் ஒருநாள் ராத்திரி வெள்ளை மாளிகைக்கு வந்து, பதினொரு மணி வரை அரசியல் பேசிவிட்டுக் கிளம்புகிறார். தாடி வைத்த, சிரிப்பே இல்லாத பெரியவர். பாதிப் படி இறங்கியிருப்பார், டாம் குவார்ட்ஸ் என்ற பூனைக்குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு வருகிறது. விளையாட வந்தவர் தப்பி ஓடுகிறார் என்று நினைத்து ஓடிப்போய் அவர் காலைக் கட்டிப்பிடிக்கிறது. அப்புறம் அவரை முந்திக்கொண்டு கீழே பாய்ந்துவிடுகிறது. கேனன் முகத்தில் துளி ஆச்சரியம் இல்லையாம்.

அன்று அரசியலில் என்ன முடிவெடுத்தார்கள் என்று கடிதத்தில் ஒரு வரி கிடையாது. விடுதியில் இருக்கும் பையனுக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நேரமில்லை என்று சொல்லும் அப்பாக்கள் எல்லோரும் படிக்க வேண்டிய புத்தகம் என்பேன்.

கீழைக்காற்று:
கடிதங்கள் அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் மூத்த மகள் ஆலிஸை விட்டுவிட்டு இவரை நல்ல அப்பா என்று எப்படி முடிவு கட்டுவது?

1884 பிப்ரவரி 12-ல் ஆலிஸ் பிறந்தாள். 14-ம் தேதி ஒரே வீட்டில் ரூஸ்வெல்ட்டின் அம்மாவும் இறந்தார், மனைவியும் இறந்தார். தன் வாழ்வின் வெளிச்சம் போய்விட்டது என்று அன்று நாட்குறிப்பில் எழுதினார். அந்தத் துக்கத்தை யாராலும் குறை சொல்ல முடியாது. ஆனால் கைக்குழந்தையை அக்கா பேமியிடம் கொடுத்துவிட்டு டகோட்டாவுக்கு மாடு மேய்க்கப் போனார். 1886-ல் மறுமணம் செய்த பிறகுதான் குழந்தை அவர் வீட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகும் பெற்ற தாயைப் பற்றி அந்தப் பெண்ணிடம் அவர் பேசியதே இல்லை. அவர் எழுதிய சுயசரிதையில் முதல் மனைவியின் பெயரே கிடையாது.

ஒரு பெண் குழந்தைக்குத் தன் அம்மாவைப் பற்றி அப்பா வாயிலிருந்து ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பூனைக்குட்டிக் கடிதங்கள் அதை ஈடு கட்டுமா?

புத்தகப்புழு:
கீழைக்காற்று அண்ணா, ஆலிஸ் விஷயம் நியாயமான குறைதான். ஆனால் அப்போது அவருக்கு 25 வயது. ஒரே நாளில் இரண்டு சாவு. அந்த வயதில் ஒடிந்துபோனதை வைத்து 20 வருஷம் கழித்து, இரண்டாவது மனைவிக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளோடு அவர் வாழ்ந்த வாழ்க்கையை எடை போடக் கூடாது.

கீழைக்காற்று:
ஒடிந்துபோனதைக் குறை சொல்லவில்லை. அந்த மௌனம் சாகும்வரை நீடித்ததைத்தான் சொல்கிறேன்.

இரண்டு பிள்ளை அம்மா:
எனக்கு வேறொரு கேள்வி. இந்தக் கடிதங்கள் ஏன் எழுதப்பட்டன? பிள்ளைகள் வீட்டில் இல்லை. டெட், கெர்மிட், ஆர்ச்சி மூவரையும் வரிசையாக கிராட்டனுக்கு அனுப்பினார்கள். அல்லது அப்பா ஊரில் இல்லை: கொலராடோவில் கரடி வேட்டை, பனாமாவுக்குக் கப்பல் பயணம். கடிதம் அன்புதான், ஆனால் பிரிவு இருந்ததால் வந்த அன்பு.

அம்மை போட்டால் பக்கத்தில் உட்கார்ந்தது யார், சட்டை தைத்துக் கொடுத்தது யார், வீட்டுக் கணக்குப் பார்த்தது யார்? இரண்டாவது மனைவி ஈடித் அம்மையார். ஆறு பிள்ளைகளோடு இவரையும் ஏழாவது பிள்ளையாக வைத்துச் சமாளித்தவர் அவர். அந்த உழைப்புக்கு இப்படி ஒரு தொகுப்பு இல்லை. அப்பா எழுதியது மட்டும் நூறு வருஷம் கழித்தும் நம் கையில் இருக்கிறது. இதை யோசிக்காமல் அவரை முன்மாதிரி என்று தூக்கிவைக்க எனக்கு மனசு வரவில்லை.

புத்தகப்புழு:
அக்கா, ஈடித் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் கடிதம் மட்டும்தான் அப்பா என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. அதே கடிதங்களே சாட்சி.

1907 செப்டம்பர், ஆர்ச்சிக்கு எழுதியது. கடைக்குட்டி குவென்டின், இன்னும் பத்து வயது நிரம்பவில்லை, காலில் சக்கரக் காலணியோடு ஜனாதிபதி அலுவலகத்துக்குள் வருகிறான். கடையில் இரவல் வாங்கிய பாம்புகள் கையில். அப்பா அட்டர்னி ஜெனரலோடு பேசிக்கொண்டிருக்கிறார். பையன் பாம்புகளை அப்படியே அப்பா மடியில் போடுகிறான். அதில் பெரிய பாம்பு சற்று முன்னால்தான் சின்னதை விழுங்கப் பார்த்திருக்கிறது! பக்கத்து அறையில் காத்திருக்கும் காங்கிரஸ் உறுப்பினர்களிடம் போய்க் காட்டு, அவர்களுக்குப் பொழுது போகும் என்று அனுப்பிவைக்கிறார்.

கதவைத் தட்டாமல் ஒரு பிள்ளை அந்த அறைக்குள் வந்து அப்பா மடியில் பாம்பைப் போடுகிறது என்றால் அதற்கு முன்னால் எத்தனை முறை உள்ளே விட்டிருப்பார்? பயந்த பிள்ளை அப்படி வராது.

கீழைக்காற்று:
குவென்டின் கடைசிப் பிள்ளை, செல்லப் பிள்ளை. மூத்த பையன் டெட்டைப் பாருங்கள். 1898-ல் பத்து வயதில் அவனுக்குத் தீராத தலைவலி, நரம்புத் தளர்ச்சி. டாக்டர் லாம்பர்ட் பார்த்துவிட்டு, பையனை அப்பா அளவுக்கு மீறி விரட்டுவதுதான் காரணம் என்று வெளிப்படையாகவே சொன்னார். இனி உடம்பாலும் மனசாலும் டெட்டை நெருக்க மாட்டேன் என்று ரூஸ்வெல்ட் பதில் எழுதினார்.

அதே வசந்தத்தில் ஈடித்துக்குப் பெரிய அறுவைச் சிகிச்சை. குவென்டின் சில மாதக் குழந்தை. இவர் கடற்படைத் துறை வேலையை விட்டுவிட்டு குதிரைப் படை திரட்டிக்கொண்டு கியூபாவுக்குப் போருக்குப் போனார். எது முதலில் வந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

மலைநாடன்:
லாம்பர்ட்டுக்குக் கொடுத்த வாக்கை அவர் மறக்கவில்லை. 1903 அக்டோபரில் டெட் கிராட்டனில் கால்பந்து ஆட வேண்டும் என்று நிற்கிறான். அமெரிக்கக் கால்பந்து, எலும்பு முறியும் ஆட்டம். டெட் ஒல்லி. அப்பா எழுதுகிறார்: பள்ளி அணிக்காக ஆடி அடிபட்டால் பரவாயில்லை. மூன்றாவது அணிக்குப் பதில் இரண்டாவது அணியில் ஆட வேண்டும் என்பதற்காக மட்டும் அடிபடுவது கொஞ்சம் அசட்டுத்தனம். விளையாட்டே வாழ்க்கை ஆகிவிடக் கூடாது என்றும் அந்த மாதமே எழுதுகிறார். ஐந்து வருஷம் முன்னால் விரட்டிய அப்பா இப்போது பிடித்து நிறுத்துகிறார். மாறியிருக்கிறார் இல்லையா?

என்னை அதிகம் பாதித்தது வேறொரு கடிதம். 1917 டிசம்பர் 24, முதல் உலகப் போர் நடக்கிறது. குவென்டின் பிரான்சில் விமானப்படையில் இருக்கிறான். வீட்டுக்கும் சரியாக எழுதுவதில்லை, நிச்சயித்த பெண் ஃப்ளோராவுக்கும் எழுதுவதில்லை. அப்பா திட்டுகிறார்: அவளை இழக்க வேண்டுமானால் இப்படியே அபூர்வமாக எழுது. வேண்டும் என்றால் எழுது, வழியில் பாதி தொலைந்தாலும் மீதி போய்ச் சேரும் அளவுக்கு எழுது.

பக்கத்தில் இல்லாதவன் கடிதத்தில்தான் பக்கத்தில் இருக்க முடியும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஊருக்குக் காட்ட எழுதியவர் மகனை இப்படிப் போட்டுத் திட்ட மாட்டார்.

கீழைக்காற்று:
அந்தக் கடிதம் எழுதி ஏழு மாதத்துக்குள், 1918 ஜூலை 14-ல், குவென்டின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. இருபது வயது. நாலு மகன்களும் அந்தப் போரில் இருந்தார்கள், அதே வருஷம் ஆர்ச்சி படுகாயம் அடைந்தான். போருக்குப் போவதே ஆண்மை என்று அவர்களைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தது யார்? அந்த வளர்ப்பும் இந்தக் கடிதங்களுக்குள்தான் இருக்கிறது. அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. அன்பும் அந்த ஆசையும் ஒரே கையிலிருந்து வந்தவை. மகன் போன ஆறு மாதத்தில், 1919 ஜனவரி 6-ல், அவரும் போய்விட்டார்.

மலைநாடன்:
அந்த ஆசையை அவர் பிள்ளைகளுக்கு மட்டும் வைக்கவில்லை. 1917-ல் தானே ஒரு படையோடு போகிறேன் என்று ஜனாதிபதி வில்சனிடம் நேரில் போய்க் கேட்டார். வில்சன் மறுத்துவிட்டார். தான் பின்னால் நின்றுகொண்டு பிள்ளைகளைத் தள்ளிவிட்ட அப்பா அல்ல அவர்.

இரண்டு பிள்ளை அம்மா:
தானும் போகத் தயார் என்பதால் அது சரியாகிவிடாது, மலைநாடன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தன்னைப் பற்றி வந்த எதையும்விட இந்தத் தொகுப்பு வெளிவருவதையே விரும்புவதாக, அதைத் தொகுத்த ஜோசப் பிஷப் என்பவரிடம் ரூஸ்வெல்ட் சொல்லியிருக்கிறார். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று யாரோ தேர்ந்தெடுத்த புத்தகம் இது. அவருடைய கடிதங்களை ஹார்வர்ட் வெளியிட்ட எட்டுப் பெரிய தொகுதிகளையும் சேர்த்துப் படித்தால்தான் ஆள் முழுசாகத் தெரிவார்.

புத்தகப்புழு:
எட்டுத் தொகுதிகளையும் தேடிப் பிடிக்கிறேன் அக்கா. ஆனால் பாம்பைக் கொண்டுவந்த பையனைப் பற்றி நீங்கள் இருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

கீழைக்காற்று:
சொல்கிறேன். குவென்டினுக்கு அந்தக் கதவு திறந்திருந்தது, சந்தோஷம். ஆலிஸுக்கும் அப்படித் திறந்திருந்தது என்று காட்டும் ஒரு கடிதம் அந்த எட்டில் கிடைத்தால் இங்கே போடுங்கள். நான் படிக்கிறேன்.