அம்மாவின் கால் வீக்கம்: நெல்லைப் பக்கம் பிசியோதெரபிஸ்ட் தேவை

அம்மாவுக்கு 63 வயது. கருப்பை உள்சவ்வுப் புற்றுநோய். 2021-ல் கருப்பையோடு இடுப்பு நிணநீர்க் கணுக்களையும் எடுத்து, ரேடியேஷன் கொடுத்தார்கள். 2024-ல் நுரையீரலில் திரும்ப வந்தது. பாக்லிடாக்சல், கார்போபிளாட்டின் கீமோ முடிந்து இப்போது மெஜஸ்ட்ரால் என்ற ஹார்மோன் மாத்திரை. கடைசி சிடி ஸ்கேனில் கட்டி வளரவில்லை.

இப்போது படுத்துவது இடது கால்தான். தொடையிலிருந்து பாதம் வரை வீக்கம். தோல் தடித்துவிட்டது, செருப்பு நுழைவதில்லை. வலியைவிட பாரம்தான் தாங்க முடியவில்லை என்கிறார். மெஜஸ்ட்ராலால் ரத்தம் உறையலாம் என்பதால் முதலில் காலின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம், ரத்தக்கட்டி இல்லை. நீர் பிரியும் மாத்திரைக்கும் வடியவில்லை. அழுத்தக் காலுறை வாங்கினோம்; மதியத்துக்குள் கழற்றி எறிந்துவிடுகிறார். இந்த வெயிலில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. நடுவில் செல்லுலைட்டிஸ் (தோலில் கிருமித்தொற்று) வேறு வந்து, ஊசி போட்டுச் சரியானது.

கணுக்களை எடுத்ததால் காலில் தேங்கிய நிணநீரை வடிக்கும் மென்மையான மசாஜும் பல அடுக்குக் கட்டும்தான் வழி என்கிறார் டாக்டர். எங்கள் ஊரில் விசாரித்தவரை எல்லாரும் முட்டிவலி, முதுகுவலி மட்டுமே பார்க்கிறார்கள்.

திருநெல்வேலி, நாகர்கோவில், மதுரை வட்டாரத்தில் இந்தக் கட்டைப் போட்டு, வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட் யாரையாவது தெரியுமா?