புதுப்பிப்பு: தடைக்காலத்தில் தொடங்கிய கூட்டு வாசிப்பு

மீன்பிடித் தடைக்காலத்தில் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து, மதுரையைப் பற்றிய சு. வெங்கடேசனின் வரலாற்று நாவல் ‘காவல் கோட்டம்’ படிக்கப் போகிறோம், ஆயிரம் பக்கத்தை எப்படிச் சமாளிப்பது என்று ஏப்ரலில் கேட்டிருந்தேன். நிறையப் பேர் வம்சப் பட்டியல் எழுதி வைக்கச் சொன்னீர்கள். ஒருவர் மட்டும் சத்தமாக வாசியுங்கள் என்றார். அதுதான் கைகொடுத்தது.

வலை பொத்துகிற கொட்டகையிலேயே வாசிப்பு. கை ஊசி நூலில், காது கதையில். முன்பகுதிப் போர்களைக் கொஞ்சம் ஓட்டினோம், அது எங்களுக்கு நீளம்தான்.

கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடிக்கத் தொடங்கியதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. மதிலை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த இடமே மனை! வேலையை நடத்திய மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றைக்கு வீதிப் பெயர்கள். “மாரட் வீதியில தங்கித்தானண்ணே தங்கச்சி கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்தோம்” என்றான் ஒரு தம்பி. அதோடு அன்றைய வாசிப்பு போச்சு, ஜவுளிக்கடைப் பேச்சுதான்.

“மதுரைக்காரன் கதை நமக்கெதுக்கு?” என்று முறைத்த மாமா ஒருவர், 1910 வரை ராமநாதபுரமும் மதுரை ஜில்லாதான் என்றதும் உட்கார்ந்தார். கதையில் 1876-78 பஞ்சம், அதாவது தாது வருசப் பஞ்சம், வந்தபோது அவரே நிறுத்தச் சொன்னார். அடித்துப்பிடித்துச் சாப்பிட்டால் அவருடைய அப்பத்தா “தாது வருசத்துல பொறந்தவனே” என்றுதான் திட்டுமாம்.

ஜூன் 15-லிருந்து படகுகள் போகின்றன. கரையில் இருக்கும் நாள்களில் மிச்சத்தை முடிப்போம். அடுத்ததற்குக் கடல் பக்கத்துக் கதை ஏதாவது சொல்லுங்கள், ஐந்நூறு பக்கத்துக்குள்.