புதுத் தொழில்நுட்பத்தின் ஆபத்து: யார் சொல்வதை நம்புவது?

கயல்:
செயற்கை நுண்ணறிவால் மனித குலத்துக்கே ஆபத்து வரலாம் என்று அந்தத் துறையின் முன்னோடிகளான ஹின்டனும் பெஞ்சியோவும் எச்சரிக்கிறார்கள். கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதை 2018-க்கு அவர்களோடு பகிர்ந்துகொண்ட லெகுன் அதை மறுக்கிறார். கரைத்துக் குடித்தவர்களே ஒத்துப்போகாதபோது மற்றவர்கள் யார் பேச்சை எடுத்துக்கொள்வது?

இளமாறன்:
ஆளை விட்டுவிட்டுக் கூற்றைப் பிரித்துப் பாருங்கள். கருவியால் என்ன முடியும் என்பதற்கு அதை உருவாக்கியவரைக் கேட்கலாம். அதனால் ஒரு தொழில் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தொழிலில் இருப்பவர்தான் சரி. எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதை நிறுத்திவிடலாம், ஐந்தாண்டில் கணினி மிஞ்சிவிடும் என்று 2016-ல் ஹின்டன் சொன்னார். மென்பொருள் வளர்ந்தது உண்மை. ஆனால் அந்த மருத்துவர்களின் தேவை குறையவில்லை. படம் பார்ப்பதோடு அவர்கள் வேலை முடிவதில்லையே: எந்த ஸ்கேன் எடுப்பது என்று சொல்வது, ஊசி செலுத்தித் திசு எடுப்பது, அறிக்கையில் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பது எல்லாம் இருக்கிறது.

தேன்மொழி:
பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் ஆபத்து என்று, தொழிலால் வரும் நோய்களை ஆராய்ந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1925-லேயே எச்சரித்தார். எடுபட்டது நச்சியல் ஆய்வாளர் ராபர்ட் கெஹோவின் வாதம்: தீங்கை நிரூபியுங்கள், பிறகு நிறுத்தலாம். அவருடைய ஆய்வுக்கூடம் ஓடியதே அந்தத் தொழில்துறையின் பணத்தில். ஈயத்தோடு வேலை செய்யாதவர்கள் உடம்பிலும் ஈயம் இருந்ததால் அது இயற்கை என்றார். அந்த 'இயல்பான' அளவே மாசுதான் என்று 1965-ல் கிளேர் பேட்டர்சன் எழுதினார். பேட்டர்சன் மருத்துவர்கூட இல்லை, பாறைகளின் வயதை அளந்தவர்!

செழியன்:
தேன்மொழி சொல்வது சரி, ஆனால் காசு வாங்காதவர் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடாது. பயத்துக்கும் சந்தை உண்டு. நான் பார்ப்பது, சொல்வதைச் சோதிக்க முடியுமா என்பதை. குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளூரோகார்பன் வளிமண்டலத்தில் மேலே போய்ச் சிதையும், அதிலிருந்து வரும் குளோரின் ஓசோனை அழிக்கும் என்று 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற வேதியியலாளர்கள் சொன்னார்கள். ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே அளக்க முடிந்தது. அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் படலத்தில் ஓட்டை விழும் என்று அவர்களே எதிர்பார்க்கவில்லை. 1985-ல் அது தெரிந்தது, 1987-ல் அந்த வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 'சமூகமே சீரழியும்' என்பவரிடம் எது, எத்தனை ஆண்டில், எதை வைத்து அளப்பது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் ஓரமாக வையுங்கள்.

கயல்:
அப்போது ஹின்டனா, லெகுனா?

இளமாறன்:
அந்தக் கேள்விக்கு முன் அனுபவம் உள்ளவர் யாருமே இல்லை. எதைக் கண்டால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்று இருவரிடமும் கேட்க வேண்டியதுதான். திட்டவட்டமாகச் சொல்பவருக்குக் கூடுதலாக ஒரு காது கொடுக்கலாம்.