அப்டேட்: மஞ்சள் கரிசலாங்கண்ணியா சிங்கப்பூர் டெய்சியா

போன தடவை வாய்க்கா ஓரம் படர்ந்திருந்த மஞ்சப் பூ கொடி போட்டோ போட்டு இது மஞ்சள் கரிசலாங்கண்ணியான்னு கேட்டிருந்தேன்ல, பாதி பேர் ஆமா பறிச்சு பொரியல் பண்ணுங்கன்னீங்க, பாதி பேர் தொடாதீங்கன்னீங்க. தொடாதீங்கன்னவங்க சொன்னதுதான் சரி, அது சிங்கப்பூர் டெய்சிங்கிற அழகுக் கொடி.

வயல் வச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர் வரப்புல இருந்து நிஜ மஞ்சள் கரிசலாங்கண்ணி புடுங்கி குடுத்தார், ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தாச்சு. பூவ வச்சு முடிவு பண்ணவே கூடாதுங்க, ரெண்டும் மஞ்சள், பாக்க கிட்டத்தட்ட ஒரே மாதிரி, இலையதான் பாக்கணும். நிஜ கரிசலாங்கண்ணில இலை ஒல்லியா நீளமா இருக்கு, விளிம்புல பல் லேசாதான் தெரியுது, தடவினா சொரசொரன்னு இருக்கு. டெய்சி இலை அகலம், தடிப்பு, எண்ணெய் தேச்ச மாதிரி பளபளப்பு, நுனிப் பக்கம் ரெண்டு சைடும் பிதுங்கி மூணு மடலா நிக்கும். சில இலைல மடல் சரியா தெரியாது, அதனால நாலஞ்சு இலை பாருங்க.

டெய்சி அமெரிக்க வெப்பமண்டலத்துல இருந்து அழகுக்குன்னு வந்தது, கணுவுக்கு கணு வேர் விட்டு மத்த செடியெல்லாம் அமுக்கிடும். நர்சரில இதையே கரிசலாங்கண்ணின்னு விக்கிறாங்க, இலைய பாத்துட்டு காசு குடுங்க.