மாப்பிள்ளைச் சம்பாவை எங்கே விற்பது?

வணக்கம் உறவுகளே. மன்னார்குடி பக்கம் எங்களுக்கு மூணு ஏக்கர். அதுல ஒரு ஏக்கர்ல மட்டும் யூரியா, டிஏபி எல்லாத்தையும் நிறுத்திட்டு மாப்பிள்ளைச் சம்பாங்கிற பாரம்பரிய நெல் போட்டிருக்கோம். உரச் செலவு குறைஞ்சது உண்மைதான். ஆனா களைபறிக்கிற கூலி அதை முழுங்கிடுது. 150 நாளுக்கு மேல வயல்ல நிக்கிற பயிர், விளைச்சலும் குறைவு. கொள்முதல் நிலையத்துல போட்டா இயற்கைன்னு தனி விலை கிடையாது. அரிசியாக்கலாம்னா, நாலஞ்சு மூட்டையைத் தனியா அரைச்சுக் கொடுக்கிற மில் எங்கன்னு தெரியல.

இயற்கை விளைபொருள்னு காட்ட, விவசாயிகள் குழுவா சேர்ந்து ஒருத்தர் வயலை ஒருத்தர் சரிபார்த்து வாங்குற பிஜிஎஸ் சான்று இருக்கு. அதுக்குக் குறைஞ்சது 5 விவசாயிகள் குழுவா சேரணும். எங்க சுத்துவட்டாரத்துல சேர ஆள் இருக்கீங்களா? ஏற்கெனவே சான்று வாங்கினவங்க, கிலோவுக்கு எவ்வளவு கூடுதலா கிடைச்சுதுன்னு சொல்லுங்க. சான்று கேக்காம நேர்ல வயலைப் பார்த்து வாங்குறவங்க இருந்தாலும் சரி, உள்பெட்டியில வாங்க.