ரப்பர் பைகள் இயங்கியும் ரோஸ்லான் விமானம் விழுந்தது ஏன்?

இளவேனில் கேட்டது:

வணக்கம். 2024 ஆகஸ்டு 9 அன்று பிரேசிலின் வின்யேடோ நகரில் ஏடிஆர் 72 என்ற புரொப்பல்லர் வகைப் பயணிகள் விமானம் விழுந்து 62 பேர் இறந்த செய்திக்குப் பிறகு, அதே வகை விமானத்தின் பழைய விபத்து ஒன்றைப் பற்றிப் படித்து வருகிறேன். 1994 அக்டோபர் 31 அன்று இண்டியானாபொலிஸிலிருந்து சிகாகோவுக்குச் சென்ற அமெரிக்கன் ஈகிள் 4184, ரோஸ்லான் ஊருக்கு அருகே சோயா வயலில் விழுந்தது. அதில் இருந்த 68 பேரும் இறந்தனர். இறக்கையில் படிந்த பனிக்கட்டியே காரணம் என்கிறார்கள். ஆனால் பனிக்கட்டியை உடைத்து உதிர்க்கும் ரப்பர் பைகள் அந்த விமானத்தில் இருந்தன, அவை இயங்கவும் செய்தன. அப்படியானால் விமானம் எடை தாங்காமல் விழுந்ததா? இத்தகைய நேரத்தில் விமானிகள் என்ன செய்ய வேண்டும்?

வளிமகன் எழுதியது:

எடை இதில் சிறிய பங்குதான். இறக்கையின் வடிவம் கெடுவதே உண்மையான ஆபத்து. இறக்கையின் முன்விளிம்பிலும் மேற்பரப்பிலும் சொரசொரப்பான உப்புத்தாள் அளவுக்குப் பனி படிந்தாலே, விமானத்தைத் தூக்கும் விசை 30 விழுக்காடு வரை குறையலாம், பின்னிழுக்கும் விசை 40 விழுக்காடு வரை கூடலாம் என்று அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ எச்சரிக்கிறது. வழக்கமான வேகத்தில் நிலையாகப் பறக்க வேண்டிய விமானம் அதே வேகத்தில் ஸ்டால் ஆகிவிடும். அதாவது இறக்கையை ஒட்டி ஓட வேண்டிய காற்று பிரிந்து, தூக்குவிசை திடீரென்று சரிந்துவிடும்.

பனிக்கட்டி எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் ரோஸ்லானும் விளங்கும். மேகத்தில் உள்ள நீர், சுழியத்துக்குக் கீழே போனவுடன் உறைந்துவிடுவதில்லை. மிகச் சிறிய துளிகள் மைனஸ் 20 பாகை வரையிலும், சில வேளைகளில் மைனஸ் 40 பாகை வரையிலும்கூட நீராகவே மிதக்கும். விமானம் வந்து மோதிய கணத்தில் உறையும். துளி சிறிதாக இருந்தால் முன்விளிம்பிலேயே வெண்மையாக உறைந்துவிடும். ரப்பர் பைகள் பொருத்தப்பட்டிருப்பது அந்த முன்விளிம்பில்தான். காற்றை நிரப்பி அவற்றை உப்பச் செய்தால் பனிக்கட்டி உடைந்து சிதறும். துளி பெரிதாக இருந்தால் அது முழுவதும் உறைவதற்குள் பின்னோக்கி வழிந்து, பைகளுக்கு அப்பால் போய் உறைகிறது. அந்த இடத்தில் அதை அகற்ற எந்தக் கருவியும் இல்லை.

விமானங்கள் பறக்கத் தகுதியானவை என்று சான்றளிக்கும் அன்றைய விதிகள் ஏறத்தாழ 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துளிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ரோஸ்லானுக்கு மேலே அன்று இருந்தது உறையும் தூறல். அதன் துளிகள் பல மடங்கு பெரியவை. சிகாகோவில் நெரிசல் இருந்ததால், அந்த விமானம் 10,000 அடி உயரத்தில் அரை மணி நேரத்துக்கும் மேலாக வட்டமிட்டுக் காத்திருந்தது. மூக்கு சற்றே மேல்நோக்கி இருந்ததைத் தாழ்த்துவதற்காக விமானிகள் ஃபிளாப்பை, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் கீழிறக்கக்கூடிய மடலை, 15 பாகைக்கு இறக்கியிருந்தனர். அந்த நிலையில் பைகளுக்குப் பின்னால், ஏலரானுக்கு (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கை நுனியருகே உள்ள அசையும் பலகை) முன்னால், வரப்பு போல ஒரு பனிமேடு உருவானது. இறங்க அனுமதி கிடைத்து, ஃபிளாப்பை உள்ளே இழுத்ததும் இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடியது. பனிமேட்டுக்குப் பின்னால் காற்றோட்டம் பிரிந்தது. வலது ஏலரான் தானாகவே மேல்நோக்கி உறிஞ்சப்பட்டது. விமானத்தைத் தானாக ஓட்டும் கருவியான ஆட்டோபைலட் துண்டித்துக்கொண்டது, விமானம் வலப்புறமாக 77 பாகை வரை புரண்டது. விமானிகளின் கைக்கு அது வந்து சேர்ந்தபோதே மீட்க முடியாத நிலையை நெருங்கியிருந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான விடை: கருவி பழுதாகவில்லை, அது எந்த வகை மேகத்துக்காக வடிவமைக்கப்பட்டதோ, அதைவிடக் கடுமையான மேகத்துக்குள் விமானம் நெடுநேரம் நின்றுவிட்டது.

தென்றல்வழி எழுதியது:

வளிமகன் ஐயா சொன்னதோடு விமானி அறையின் பக்கத்தையும் சேர்க்க விரும்புகிறேன். பனிநீக்கக் கருவி, அந்த மேகத்திலேயே தங்கிக்கொள்வதற்கான உரிமம் அன்று. அங்கிருந்து வெளியேறும் வரை தாக்குப்பிடிக்க உதவுவதே அதன் வேலை. பயிற்சியில் இதைத்தான் முதலில் மனத்தில் பதிய வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ரோஸ்லானுக்குப் பின் ஏடிஆர் விமானங்களின் இறக்கை நுனிப் பகுதியில் ரப்பர் பைகள் அகலமாக்கப்பட்டன. விமானிகளுக்கான கட்டளைகளும் மாறின. விமானி அறையின் பக்கவாட்டுச் சன்னலில் சூடேற்றப்படாத பகுதியைப் பனிக்கட்டி மூடத் தொடங்கினால், கடுமையான உறைநிலைக்குள் வந்துவிட்டோம் என்று பொருள். உடனே கட்டுப்பாட்டாளரிடம் வேறு உயரமோ வேறு வழியோ கேட்டு வெளியேற வேண்டும். கைப்பிடியை உறுதியாகப் பிடித்துக்கொண்டு ஆட்டோபைலட்டை விலக்க வேண்டும். ஃபிளாப் இறங்கியிருந்தால், பனிக்கட்டி முழுவதும் நீங்கும் வரை அதை உள்ளே இழுக்கக் கூடாது. உறைநிலையில் ஃபிளாப்பை இறக்கி வைத்துக்கொண்டு வட்டமிடவும் கூடாது. இவை ஒவ்வொன்றும் அந்த 68 உயிர்களின் விலையில் எழுதப்பட்டவை என்பதை மறக்க முடியவில்லை.

ஆட்டோபைலட்டைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறார்கள் என்றால், விமானம் ஒரு பக்கமாகச் சாய முனையும்போது அது சத்தமில்லாமல் எதிர்விசை கொடுத்துச் சமாளித்துக்கொண்டே இருக்கும். கையில் உணர்ந்திருக்க வேண்டிய எச்சரிக்கை விமானிக்கு வந்து சேராது.

தரையில் இருக்கும்போது விதி இன்னும் எளியது: இறக்கையில் பனி இருந்தால் புறப்படக் கூடாது. குளிர்நாட்டு விமான நிலையங்களில் முதலில் சூடான ஆரஞ்சு நிறத் திரவத்தைப் பீய்ச்சிப் பனியை உருக்குவார்கள். பிறகு புதிய பனி படியாதிருக்கத் தடித்த பச்சை நிறத் திரவத்தைப் பூசுவார்கள். அந்தப் பாதுகாப்பு குறிப்பிட்ட நேரத்துக்கே செல்லும். 1992 மார்ச் 22 அன்று நியூயார்க்கின் லாகார்டியா நிலையத்தில், திரவம் தெளித்து ஏறக்குறைய 35 நிமிடங்கள் கழித்துப் புறப்பட்ட யூஎஸ்ஏர் 405 மேலெழ முடியாமல் விழுந்து 27 பேர் இறந்தனர். நேரம் கடந்துவிட்டால் வரிசையிலிருந்து விலகித் திரும்பிச் சென்று மீண்டும் தெளிக்கச் சொல்வதே சரி, பயணிகள் எவ்வளவு முணுமுணுத்தாலும்.

மலைச்சாரல் எழுதியது:

ஒரு ஐயம். ரப்பர் பைகளை உடனே இயக்கக் கூடாது, கால் அங்குலமாவது பனிக்கட்டி சேர்ந்த பிறகே இயக்க வேண்டும், இல்லாவிட்டால் பை உப்பும் அளவுக்கு உள்ளே வெற்றிடம் உண்டாகி அதன் மேல் பனிக்கட்டி கூடு போல நின்றுவிடும் என்று படித்திருக்கிறேன். அது தவறா?

தென்றல்வழி எழுதியது:

பழைய மெதுவான பைகளின் காலத்தில் அப்படிக் கற்பித்தார்கள், நண்பரே. விரைவாக உப்பும் இன்றைய பைகளுக்கு அது பொருந்தாது. உறைநிலைக்குள் நுழைந்தவுடனே இயக்க வேண்டும் என்பதே அமெரிக்க விபத்து விசாரணை வாரியமான என்டிஎஸ்பியின் அறிவுரை. 1997 ஜனவரி 9 அன்று டெட்ராய்டை நெருங்கிய காமேர் 3272, எம்ப்ரயர் 120 வகை விமானம், மெல்லிய சொரசொரப்பான பனியோடு வேகம் குறைந்து புரண்டு விழுந்ததில் 29 பேர் இறந்தனர். பைகள் இயக்கப்படவில்லை என்றே விசாரணை கருதியது. காத்திருக்கச் சொல்லும் அந்தப் பழைய பாடத்தை யாரும் இனி மீண்டும் பரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இளவேனில் எழுதியது:

மிக்க நன்றி. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளின் வானில் இந்த ஆபத்து இல்லை என்று கொள்ளலாமா?

வளிமகன் எழுதியது:

கொள்ள முடியாது. தமிழகத்தின் மேலே சுழியப் பாகை ஏறத்தாழ 16,000 அடியில் இருக்கிறது. அதற்கு மேலே பருவமழை மேகங்களிலும் உறையாத நீர் உண்டு. நமக்குள்ள வசதி என்னவென்றால், சற்றுக் கீழிறங்கினாலே வெப்பமான காற்று கிடைத்துவிடும்.

ஜெட் விமானங்களுக்குச் சிக்கல் வேறு வகையானது. வெப்பமண்டல இடிமேகங்கள் 35,000 அடிக்கும் மேலே நுண்ணிய பனிப்படிகங்களைத் தூக்கிக் கொண்டுபோகின்றன. அவை இறக்கையில் ஒட்டுவதில்லை. ஆனால் இஞ்சினுக்குள்ளும், வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்க்குள்ளும் சேரக்கூடும். 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸுக்குச் சென்ற ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் இறந்த துயரம், பிட்டோ குழாய்கள் அடைபட்டு வேக அளவீடு குழம்பியதிலிருந்துதான் தொடங்கியது. இந்தப் படிகங்கள் ரேடாரில் மங்கலாகவே தெரியும் என்பதால், விமானிகள் ரேடார் கதிரைக் கீழ்நோக்கிச் சாய்த்து, அடியில் உள்ள கனமழையைக் கண்டுபிடித்து, அதன் மேலே பறக்காமல் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.